புதுநன்மைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பூசை அட்டை: எவ்வளவு கண்டிப்பு சரி?

நர்ஸ் அம்மா, சென்னை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னைப் புறநகரில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோயிலைச் சேர்ந்த பகுதி) இருக்கிறோம். மகன் நான்காம் வகுப்பு. வருகிற மே மாதம் அவனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நற்கருணை (பூசையில் தருகிற அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) வாங்கப் போகிறான். ஜூன் மாதம் மறைக்கல்வி தொடங்கியபோதே பிள்ளைகள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு கட்டம். பூசை (திருப்பலி வழிபாடு) முடிந்ததும் பக்கவாசலில் மறைக்கல்வி டீச்சரிடம் காட்டி முத்திரை வாங்க வேண்டும். முக்கால்வாசிக் கட்டம் நிரம்பாவிட்டால் புதுநன்மை அடுத்த வருடம்தான் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எந்த ஞாயிறு காலை டூட்டி விழும் என்று எனக்கே முந்தின வாரம்தான் தெரியும். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். ஏறினால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். மாமியாருக்கு முழங்கால் வலி, வீடு மூன்றாவது மாடி. எனக்கு டூட்டி விழுந்தால் பையனைக் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆளில்லை.

போன மாதம் அப்படி ஒரு வாரம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பங்கில் பூசை உண்டு என்று அங்கே கூட்டிப்போனேன். மறுவாரம் அட்டையை நீட்டியபோது, "நம்ம கோயில் ஞாயிறு பூசைதான் கணக்கு" என்று முத்திரை போடவில்லை. அந்தக் கட்டத்தில் பையன் தானே பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை வரைந்து வைத்திருக்கிறான். நேற்றுதான் பார்த்தேன்.

பூசை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. நானும் டூட்டி முடிந்த கையோடு சீருடையிலேயே மாலைப் பூசைக்கு ஓடியவள்தான். ஆனால் என் டூட்டி அட்டவணைக்காக என் பிள்ளையின் புதுநன்மையைத் தள்ளிப்போடுவது சரியா? சட்டத்தில் அப்படி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடற்கரை ஊர்க்காரன், குமரி மாவட்டம் எழுதியது:

சகோதரி, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் என் மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. அன்றைக்கு மீன்பாடு எப்படி இருந்தாலும் வள்ளம் கரையில்தான். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை ஊரே சேர்ந்து விட்டுக்கொடுக்கிறது. சவேரியார் 1542-ல் இந்தியாவுக்கு வந்த பிறகு, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடந்தது இந்தப் பக்கத்துக் கரைகளில்தான். "ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடன்திருநாட்களிலும் முழுப்பூசை காண்கிறது" என்று (கடன்திருநாள் என்றால் கட்டாயம் பூசை காண வேண்டிய பெருநாள்) திருச்சபைக் கட்டளையை என் பாட்டி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள்.

இப்போது பாருங்கள். ஞாயிறு காலை டியூஷன், கீபோர்டு, கிரிக்கெட் கோச்சிங். அதில் ஒன்றுக்குப் பிள்ளை போகவில்லை என்றால் பெற்றோர் பதறிப்போய் போன் போடுகிறார்கள். பூசைக்கு வரவில்லை என்றால் யாருக்கும் பதற்றமில்லை. அட்டை வைத்தாவது வரச்சொல்லும் சாமியாரைத் திட்டாதீர்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

---

மறைக்கல்வி டீச்சர், திருச்சி எழுதியது:

பக்கவாசலில் முத்திரையோடு நிற்கிற அந்த டீச்சர்களில் நானும் ஒருத்தி. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

அட்டை எங்கள் பங்கில் ஏன் வந்தது என்றால், பிள்ளைகள் மந்திரமெல்லாம் கடகடவென்று ஒப்புவிப்பார்கள். பரலோக மந்திரம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, ஒன்றும் பிசகாது. ஆனால் பூசையில் கொண்டுவந்து உட்கார வைத்தால் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்று தெரியாது. நற்கருணை வாங்கப் போகிற பிள்ளைக்கு அது எந்தப் பீடத்திலிருந்து எப்படி வருகிறது என்று பார்த்துப் பழக்கமே இல்லை. புத்தகத்தில் படம் காட்டி நான் எதைச் சொல்லிக்கொடுக்க? எழுந்தேற்றத்தின்போது (குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம்) மணி அடித்ததும் கோயிலே அடங்குமே, அதைப் பிள்ளை அங்கே இருந்துதான் தெரிந்துகொள்ள முடியும். பூசைக்கு வருவதே பாதிப் பாடம்.

ஆனால் அட்டை என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் முத்திரைக்கு வர ஆரம்பித்தார்கள். நன்மை (நற்கருணை) கொடுக்கும் நேரத்தில் உள்ளே நுழைந்து, கடைசி ஆசீர் முடிந்ததும் ஓடிவந்து வரிசையில் முதலில் நிற்கிற பிள்ளைகள் உண்டு. அக்காவின் அட்டையையும் சேர்த்து நீட்டுகிற தம்பிகள் உண்டு. முதல் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு முழுக்கப் பாடிய ஒரு பெண் பிள்ளை, அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்ததற்காகத் தூணுக்குப் பின்னால் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் பாவாடை ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற நிலை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இப்போது நான் அட்டையை வேறு விதமாகப் பார்க்கிறேன். தொடர்ந்து இரண்டு கட்டம் காலி என்றால் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு அர்த்தம். போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் அப்பாவுக்கு டயாலிசிஸ். இன்னொரு வீட்டில் அம்மா அப்பா பிரிந்து, பிள்ளை சனி ஞாயிறு மட்டும் வேறு ஊரில். சில வீடுகளில் ஒன்றுமே இல்லை, தூக்கம்தான். மூன்றுக்கும் ஒரே மாதிரி காலிக் கட்டம்தான் அட்டையில் தெரியும்.

நர்ஸ் அம்மா, உங்கள் பங்கு டீச்சர் உங்கள் வீட்டுக்கு வந்தாரா?

---

நர்ஸ் அம்மா, சென்னை எழுதியது:

இல்லை டீச்சர், யாரும் வரவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பார்த்ததோடு சரி. அவர்களும் வேலைக்குப் போய்க்கொண்டே இதைச் செய்கிறவர்கள், குறையாகச் சொல்லவில்லை.

---

திருச்சட்ட மாணவன் எழுதியது:

கேள்வி சட்டத்தைப் பற்றியும் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் சொல்வது 1983-ன் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, இலத்தீன் வழிபாட்டு முறைக்கு உரியது.

முதலில் கடமை. சட்டம் 1247: ஞாயிறுகளிலும் கடன்திருநாட்களிலும் பூசையில் பங்கெடுக்க வேண்டும். சட்டம் 11-இன்படி ஏழு வயது நிறைந்து, விவரம் தெரிந்த பிள்ளைக்கும் இது பொருந்தும். எனவே நான்காம் வகுப்புப் பையனுக்கு ஞாயிறு பூசை கடமைதான். அதைப் புதுநன்மைக்காக யாரும் புதிதாகக் கொண்டுவரவில்லை. குமரி அண்ணன் சொன்னதில் தவறில்லை. அதே சமயம் நோய், கைக்குழந்தையைக் கவனிப்பது போன்ற தக்க காரணம் இருந்தால் கடமை தளரும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2181-ஆம் எண்ணில் சொல்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போக வீட்டில் ஆளில்லை என்றால் அது பிள்ளையின் குற்றமாகாது.

அடுத்து, சனிக்கிழமை மாலைப் பூசை. சட்டம் 1248 தெளிவாக இருக்கிறது. அந்த நாளிலோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ, கத்தோலிக்க வழிபாட்டு முறையில் எங்கே நடக்கிற பூசையில் பங்கெடுத்தாலும் கடமை நிறைவேறுகிறது. சொந்தப் பங்குக் கோயிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பங்குச் சமூகத்தோடு சேர்ந்து வழிபடுவது நல்லது, அதை வலியுறுத்தலாம். ஆனால் சனி மாலை வேறு பங்கில் பூசை கண்ட பிள்ளையை "வரவில்லை" என்று குறிப்பது சட்டத்துக்குப் பொருந்தாது. உங்கள் மகன் பென்சிலால் போட்ட அந்தக் கட்டம் நியாயமாக முத்திரை பெற வேண்டிய கட்டம்.

இனி புதுநன்மை. சட்டம் 913 கேட்பது இரண்டு. கிறிஸ்துவின் மறைபொருளைத் தன் வயதுக்குத் தக்கபடி புரிந்துகொள்ளும் அறிவும் கவனமான தயாரிப்பும். விசுவாசத்தோடும் பக்தியோடும் வாங்கக்கூடிய நிலை. சட்டம் 914, விவரம் தெரிந்த பிள்ளைகளைத் தக்கபடி தயாரித்து, பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யவைத்து, இயன்றவரை விரைவாக நற்கருணை பெறச் செய்வது பெற்றோரின் கடமை, பங்குக் குருவின் கடமை என்கிறது. "இயன்றவரை விரைவாக" என்பதைக் கவனியுங்கள். அதே சட்டம், போதிய மனப்பக்குவம் இல்லாத பிள்ளையை அனுமதிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் பங்குக் குருவுக்கே தருகிறது. ஆக, தள்ளிவைக்க அவருக்கு அதிகாரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பார்த்து, பேசி, அவர் எடுக்க வேண்டிய முடிவு அது. முக்கால்வாசி, எண்பது விழுக்காடு என்று எந்த எண்ணும் பொதுச் சட்டத்தில் கிடையாது. தக்க நிலையில் முறையாகக் கேட்டு வருகிறவர்களுக்கு அருளடையாளங்களை (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகள்) மறுக்கக் கூடாது என்று சட்டம் 843 சொல்கிறது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பல இடங்களில் பிள்ளைகளுக்குப் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரை நன்மை கொடுக்காமல் இருந்தார்கள். நன்றாகத் தெரிந்த பிறகு, நன்றாகத் தகுதியான பிறகு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். 1910 ஆகஸ்டில் திருத்தந்தை பத்தாம் பயஸ் ஓர் ஆணை பிறப்பித்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிகிற பிள்ளைக்கு, ஏறக்குறைய ஏழு வயதில், நன்மை கொடுக்க வேண்டும் என்றார். முழுமையான, துல்லியமான அறிவு வேண்டியதில்லை என்றும் அந்த ஆணை சொல்கிறது. நல்ல பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கிற பழக்கத்தை மாற்றி, வளர்கிற பிள்ளைக்கு உணவாகக் கொடுக்கச் சொன்னவர் அவர். விழுக்காடு கணக்குப் பார்க்கும்போது பழைய பழக்கம் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறதோ என்று எனக்குக் கவலை.

---

கிராமத்துப் பங்குச்சாமி எழுதியது:

தம்பி சட்டத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் பங்கு நடத்துகிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

என் பங்கில் தாய்க்கோயிலைத் தவிர பத்துக்கும் மேல் கிளை ஊர்கள். எல்லா ஊருக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நான் போக முடியாது. சில ஊர்களுக்கு மாதம் ஒரு பூசைதான். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் (குரு இல்லாதபோது செபம் நடத்துகிறவர்) மணியடிப்பார், சனங்கள் கூடுவார்கள், வாசகம் வாசிப்பார்கள், செபமாலை சொல்வார்கள். பூசை இல்லாத இடத்தில் இப்படி இறைவார்த்தை வழிபாட்டில் கலந்துகொள்ளும்படி திருச்சபையே பரிந்துரைக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் அட்டை கேட்டால் ஒருத்தரும் தேறமாட்டார்கள். ஆனால் நான் வருகிற அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் ரோட்டு முனையில் வந்து நிற்பார்கள். பைக் சத்தம் கேட்டதுமே ஒருத்தன் கோயிலுக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்துவிடுவான். இவர்களுக்கு நற்கருணைப் பசி இல்லை என்று நான் எந்த அட்டையை வைத்துச் சொல்வது?

அடுத்தது நகரத்தில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தபோது பார்த்தது. வருடம் முழுக்கத் தலைகாட்டாத குடும்பங்கள் ஏப்ரலில் வருவார்கள். மண்டபம் பிடித்தாயிற்று, வெள்ளை கவுன் தைத்தாயிற்று, போட்டோகிராபருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, வெளிநாட்டிலிருந்து சித்தப்பா டிக்கெட் போட்டாயிற்று, பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடத் தெரியாது. அந்தப் பிள்ளையை அப்படியே பீடத்துக்கு முன்னால் நிறுத்துவது பிள்ளைக்குச் செய்கிற நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. தள்ளிவைப்பது எப்போதும் கொடுமை ஆகாது. சில பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து, கிறிஸ்து அரசர் திருநாளன்று, விழாக் கூட்டம் இல்லாமல் தனியாகப் புதுநன்மை வாங்க வைத்திருக்கிறேன். அமைதியாக, அழகாக நடந்தது. எல்லாரும் ஒரே நாளில் மே மாதத்தில்தான் வாங்க வேண்டும் என்றும் ஒன்றுமில்லை. அடுத்த வருடம் என்று ஒரேயடியாகச் சொல்லாமல் இப்படிச் செய்யலாம்.

நர்ஸ் அம்மாவின் பையனைப் பற்றிச் சொன்னால், அவன் பென்சிலால் போட்ட சிலுவை ஒன்றே போதும், அவன் பக்குவம் தெரிகிறது. உங்கள் பங்குத்தந்தையை நேரில் பாருங்கள். வாட்ஸப்பில் வேண்டாம். பூசை முடிந்த கூட்டத்திலும் வேண்டாம். ஒரு வார நாள் மாலை போங்கள். டூட்டி அட்டவணையையும் கையில் எடுத்துப்போங்கள்.

---

உறுதிபூசுதல் வாங்கிய இளைஞன், மதுரை எழுதியது:

புதுநன்மையோடு இது முடியவில்லை. எங்கள் பங்கில் உறுதிபூசுதலுக்கும் (எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் அருளடையாளம்) அட்டைதான். பத்தாம் வகுப்பு, டியூஷன், அட்டை. பாதிப் பேர் அட்டையை நண்பனிடம் கொடுத்தனுப்பினார்கள். ஆயர் வந்தார், எண்ணெய் பூசினார், போட்டோ எடுத்தோம். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் வகுப்பில் கோயிலுக்கு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

என்னைக் கோயிலில் இருக்க வைத்தது வேறு. தாத்தா இறந்தபோது அன்பியத்துக்காரர்கள் (பங்கில் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த குழு) எட்டாம் நாள் வரை தினமும் சாயங்காலம் வந்து செபமாலை சொன்னார்கள். ஒரு மாமா, எங்களோடு பெரிய பழக்கம்கூடக் கிடையாது, தினமும் வந்து நாற்காலி போட்டுவிட்டு, முடிந்ததும் எடுத்து அடுக்கிவிட்டுப் போவார். அவர் ஞாயிறு காலை முதல் பூசையில் மூன்றாவது பெஞ்சில் இருப்பார் என்று தெரிந்துதான் நான் அந்தப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். இப்போதும் அந்தப் பெஞ்சுதான்.

---

கடற்கரை ஊர்க்காரன், குமரி மாவட்டம் எழுதியது:

தம்பி சொல்வது சரிதான். ஆனால் அந்த மாமா யாரும் சொல்லாமல் வந்துவிட்டாரா? அவரையும் சின்ன வயசில் யாரோ காதைப் பிடித்துப் பூசைக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். பழக்கம் இல்லாமல் பக்தி மட்டும் வராது. கி.பி. 304-ல் ஆப்பிரிக்காவில் அபித்தினா என்ற ஊரில் ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காகவே நாற்பத்தொன்பது பேரைப் பிடித்து விசாரித்தார்கள். ஞாயிறு வழிபாடு இல்லாமல் எங்களால் வாழ முடியாது என்று சொல்லிச் செத்தார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு. அந்த உறுதி நமக்கு எங்கே? இதை நினைத்துத்தான் என் மனம் வேகிறது. அட்டை மேல் எனக்கொன்றும் ஆசையில்லை.

---

லண்டன் அக்கா எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில். இங்கே நிலைமை இன்னும் சிக்கல். நல்ல கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாக இருந்தால், குடும்பம் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறது என்று பங்குத்தந்தை கையெழுத்திட்ட பத்திரத்தைப் பல பள்ளிக்கூடங்கள் கேட்கும். பிள்ளைக்கு நாலு வயது ஆகுமுன்னே தாய் தகப்பன் ஒழுங்காக வரத் தொடங்குவார்கள். இடம் கிடைத்தபின் சிலரைக் காணக் கிடைக்காது. பிறகு முதல் நன்மைக்கு ஏழு, எட்டு வயதில் திரும்ப வருவார்கள்.

பாதர்மாருக்கு இது பெரிய மனக்கஷ்டம். கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளையின் படிப்பு, போட்டால் பொய். எங்கள் பழைய பாதர் ஒருவர் கதவடியில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக் கை குடுப்பார். வராத கிழமைக்கு அடுத்த கிழமை, "போன ஞாயிறு உன்னைத் தேடினேன்" என்பார். அவ்வளவுதான். என்ட மகள் அந்த ஒரு சொல்லுக்காகவே காய்ச்சலோடும் வெளிக்கிடுவாள்.

---

கடைசி பெஞ்ச் அப்பா, கோவை எழுதியது:

நான் இந்து, மனைவி கத்தோலிக்கர். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் அவள் வாக்குக் கொடுத்தாள், எனக்கும் அதைச் சொன்னார்கள், சம்மதித்தேன். அவளுக்கு ஞாயிறு வேலை இருக்கும்போது மகளைப் பூசைக்கு அழைத்துப்போவது நான்தான். கடைசி பெஞ்சில் உட்காருவேன். நன்மைக்கு வரிசை போகும்போது நான் உட்கார்ந்திருப்பேன், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த வருடம் அவள் போவாள்.

இங்கே "கத்தோலிக்கப் பெற்றோர் கடமை" என்று பேசும்போது எங்களைப் போன்ற வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முத்திரை வாங்கப் போகும்போது டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்து இரண்டு வார்த்தை பேசினால் அடுத்த வாரம் வருவது எனக்கு எளிதாக இருக்கிறது.

---

மறைக்கல்வி டீச்சர், திருச்சி எழுதியது:

கோவை அண்ணா, நீங்கள் செய்வது பெரிய காரியம். உங்கள் மகள் கொடுத்துவைத்தவள்.

பிள்ளையால் பெற்றோர் வருவதும் உண்டு. 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட கார்லோ அக்குத்திஸ் ஏழு வயதில் புதுநன்மை வாங்கியவர். அவருடைய தாயாரோ, அதற்கு முன்னால் தான் பூசைக்குப் போனதே தன் புதுநன்மை, உறுதிபூசுதல், கல்யாணம் என்று மூன்று தடவைதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மகன் தினமும் பூசைக்குப் போக விரும்பினான், அவன் பின்னால் தாயும் போனார். பெற்றோர் ஒழுங்காக வந்தால்தான் பிள்ளைக்கு நன்மை என்று அன்றைக்கு யாராவது கண்டிப்புக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

---

அமைதிப் பிள்ளையின் அம்மா எழுதியது:

என் மகனுக்கு ஆட்டிசம். ஸ்பீக்கர் சத்தமும் கூட்டமும் அவனால் தாங்க முடியாது. ஞாயிறு பெரிய பூசையில் பத்து நிமிடம்கூட இருக்க மாட்டான், காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். வார நாள் காலைப் பூசையில் பத்துப் பதினைந்து பேர்தான், மைக் கிடையாது. அங்கே முழுக்க இருக்கிறான். எழுந்தேற்றத்தில் தானாகவே தலை குனிகிறான். எங்கள் பங்கில் அட்டை இல்லை, ஆனால் இருந்திருந்தால் அவன் அட்டை முழுக்கக் காலியாகத்தான் இருந்திருக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் நன்மை உண்டுதானே?

---

திருச்சட்ட மாணவன் எழுதியது:

கட்டாயம் உண்டு அக்கா. மாற்றுத்திறன் கொண்டவர்களும் அருளடையாள வாழ்வுக்கு முழுமையாக அழைக்கப்பட்டவர்கள் என்று 2020-ல் உரோமையிலிருந்து வந்த மறைக்கல்விக்கான வழிகாட்டி நூல் சொல்கிறது. மகனின் திறனுக்குத் தக்கபடிதான் அறிவை எதிர்பார்க்க வேண்டும். பங்குத்தந்தையிடம் பேசி வார நாள் பூசையிலேயே புதுநன்மை வாங்க வைக்கக் கேளுங்கள். அதற்குத் தடை ஏதும் இல்லை.

---

நர்ஸ் அம்மா, சென்னை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாமி சொன்னபடி வியாழக்கிழமை மாலை போய்ப் பங்குத்தந்தையைப் பார்த்தேன். அரை மணி நேரம் பேசினார். என் டூட்டி விவரம் அவருக்குத் தெரியவே தெரியாது என்றார். சனி மாலைப் பூசையை இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வோம், டீச்சர்களிடம் சொல்கிறேன் என்றார். முக்கால்வாசிக் கணக்கை எடுப்பது பற்றிப் பங்குப் பேரவையில்தான் பேச வேண்டும், உடனே வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஆனால் பூசைக்குப் பிறகு நடக்கிற மறைக்கல்வி வகுப்பை விட்டால் அதைப் பையன் ஈடுசெய்தே ஆகவேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அது நியாயம்தான்.

எங்கள் அன்பியத்தில் யார் யார் ஞாயிறு முதல் பூசைக்குப் போகிறார்கள் என்றும் கேட்டார். எங்கள் குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் இரண்டு குடும்பம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நகரத்தில் இப்படித்தான் வாழ்கிறோம். அதில் ஒரு அக்கா, எனக்கு டூட்டி இருக்கிற ஞாயிறுகளில் பையனைத் தன் பிள்ளைகளோடு கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு சந்தேகம். என் மருத்துவமனைக்குப் பக்கத்தில் மலையாளிகளின் சீரோ மலபார் கோயில் இருக்கிறது, அங்கே ஞாயிறு சாயங்காலம் பூசை. மொழி புரியாது, முறையும் வேறு. அது கணக்கில் வருமா? அப்புறம், பையனின் ஞானத்தாய் தாம்பரத்தில் இருக்கிறாள். அவளைக் கேட்கலாமா? ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கிக்கொடுப்பதோடு சரி.

---

திருச்சட்ட மாணவன் எழுதியது:

வரும். சீரோ மலபார் திருச்சபை உரோமையோடு ஒன்றித்திருக்கிற கத்தோலிக்கத் திருச்சபைதான். சென்னைப் பக்கத்துச் சீரோ மலபார் மக்களுக்காக 2017-ல் ஓசூர் மறைமாவட்டம் ஏற்படுத்தப்பட்டது. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையாக இருந்தாலும் சட்டம் 1248 அதை ஏற்கிறது, அங்கே நீங்கள் நன்மையும் வாங்கலாம். மகனுக்கு முன்கூட்டியே கொஞ்சம் விளக்கிவிடுங்கள், அப்போது மிரள மாட்டான்.

ஞானத்தாயைத் தாராளமாகக் கேளுங்கள். திருமுழுக்குப் பெற்ற பிள்ளை கிறிஸ்தவ வாழ்வு வாழத் துணை நிற்பது ஞானப்பெற்றோரின் பொறுப்பு என்று சட்டம் 872-லேயே இருக்கிறது. பலருக்கு யாரும் கேட்காததால்தான் செய்வதில்லை.

---

கடற்கரை ஊர்க்காரன், குமரி மாவட்டம் எழுதியது:

சகோதரி, உங்கள் சாமியாரும் அந்தக் கீழ்வீட்டு அக்காவும் நல்லா இருக்கட்டும். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் அப்பா கடலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் தன் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிப்போவான். சென்னையிலும் அது நடக்கும் என்று கேட்க சந்தோஷமாக இருக்கிறது. அமைதிப் பிள்ளையின் அம்மாவுக்கும் சொல்கிறேன், எங்கள் வீட்டுச் செபமாலையில் இன்றைக்கு உங்கள் மகன் பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம்.

---

மறைக்கல்வி டீச்சர், திருச்சி எழுதியது:

நர்ஸ் அம்மா, விடுபட்ட வகுப்புகளுக்கு ஒரு யோசனை. புதுநன்மைக்கு முன்னால் முதல் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, பிள்ளைகள் உள்ளுக்குள் பயப்படுவது அதற்குத்தான். தபசுகாலம் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) தொடங்குமுன்னே உத்தம மனஸ்தாப மந்திரத்தை (பாவங்களுக்காக வருந்திச் சொல்லும் செபம்) சொல்லிக்கொடுங்கள். தினமும் இரவு படுக்கும்போது நீங்களும் சேர்ந்து சொன்னால் போதும், தானாக வந்துவிடும். கோயில் காலியாக இருக்கிற நேரத்தில் ஒரு தடவை கூட்டிப்போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை (குரு உட்கார்ந்து பாவங்களைக் கேட்கும் கூண்டு) காட்டி, எங்கே முழங்காலிட வேண்டும், சாமியார் எந்தப் பக்கம் இருப்பார் என்று சொல்லிவிடுங்கள். பாடப் பக்கங்களைப் படமெடுத்து இன்று மாலை இங்கே போடுகிறேன்.